ஆனந்தபைரவியும் மிராசுதாரின் பிரஷரும்

திருவிடைமருதூர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த வருஷம், அறுவடைக் கூலிக்காக ஜில்லா முழுக்கத் தகராறு. ஒருநாள் காலை தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் மிராசுதார்கள், மறுபக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம். அதில் ஒரு மிராசுதாருக்குத் தலை சுற்றிவிட்டது. டாக்டர் லீவு. பிரஷர் கருவியோடு என்னை அனுப்பினார்கள்.

பெஞ்சில் படுத்திருந்தவருக்கு பிரஷர் இருநூறைத் தொட்டிருந்தது.

"கொஞ்ச நேரம் பேசாம படுங்க."

"எப்படிம்மா பேசாம இருக்கிறது? அவங்க கேக்குறதைக் கேட்டீங்கல்ல?"

"நாங்க கேட்டது நெல்லு. அவரு உசிரையா கேட்டோம்?" என்றார் சங்கத்து அம்மா. நடவுப் பெண்களின் சார்பாக வந்தவர். அவர் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தேன், நாடி நூற்றுப்பத்து. எனக்கும் படபடப்புதான், எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. நாதஸ்வரத்தில் ஆனந்தபைரவி, நிதானமாக. அதற்கு மேல் குரலை உயர்த்த யாருக்கும் மனசு வரவில்லை. மிராசுதாரின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. மறுபடி அளந்தேன், நூற்று எண்பது. இறங்குகிறதே என்று பார்த்தால், தவில் வேகமெடுத்தது; அவருக்கு மூச்சு வாங்கியது.

நான் தெருவுக்கு ஓடினேன்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிங்க. உள்ள ஒருத்தருக்கு பிரஷர்."

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். "முகூர்த்தத்துக்கு நேரமாகுதும்மா."

"ஒரு பத்து நிமிஷம்."

மாப்பிள்ளையைப் பார்த்தார். காரில் வியர்த்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "வாசிங்க, எனக்கும் நல்லதுதான்" என்றார்.

பத்து நிமிஷத்தில் நூற்றறுபது. நின்றுகொண்டே கேட்ட சங்கத்து அம்மாவின் நாடி எண்பத்தைந்து. இரு தரப்பும் உட்கார்ந்து பேசினார்கள். சாயங்காலம் கையெழுத்தானது. இசையால் ஆனது என்று சொல்ல மாட்டேன். கதிர் முற்றி வயலில் காத்திருந்தது, இரண்டு பேருக்கும் வேறு வழியில்லை.

லீவு முடிந்து வந்த டாக்டர் சிரித்தார். "படுக்க வெச்சா யாருக்கும்தான் இறங்கும்."

"அந்த அம்மா படுக்கலையே, டாக்டர்."

அடுத்த வாரம் அவரே தன் வீட்டு டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து வார்டில் வைத்தார். செய்தி நேரத்தில் மட்டும் அணைத்துவிடச் சொன்னார்.