தாட்சாயணியின் வலது கால்

இரண்டு நீல பிளாஸ்டிக் டிரேக்களைக் காரின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்து, ஒன்றைக் காலால் கொஞ்சம் நகர்த்தி, குனிந்து பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி நகர்த்துகிறார் தாட்சாயணி. ஓட்டலில் இட்லித் தட்டு வைத்துக் கொண்டுவருவார்களே, அதே டிரே. பிறகு வண்டியில் ஏறி, ரிவர்ஸில் மெல்ல வந்து, இரண்டு சக்கரங்களையும் டிரேக்கள் மேல் நிறுத்தி, கைபிரேக்கை இழுக்கிறார். இனிப் பின்சக்கரம் உருளாது. முன்சக்கரம் இழுத்த இழுப்புக்கு டிரேயோடு வழுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

புத்தூர் பக்கத்தில் மனை போட்டிருக்கும் இடம் அது. தார் ரோடு போட்டாயிற்று, விளக்குக் கம்பம் நட்டாயிற்று, வாசலில் ஆர்ச்கூட கட்டியாயிற்று. வீடுதான் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே காவல்காரரும் இரண்டு நாய்களும் மட்டும். "இன்னாம்மா, வண்டிக்கு டிபன் வெச்சிட்டியா?" என்று காவல்காரர் வாராவாரம் அதே கேள்வியைக் கேட்கிறார். தாட்சாயணி வாராவாரம் அதே சிரிப்பைச் சிரித்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். காரின் பின்பாகம் துடைப்பம்போல ரோட்டைப் பெருக்கிக்கொண்டு சுற்றி வருகிறது. நாய்கள் குரைப்பதை விட்டுப் பல வாரமாகிறது.

நாற்பது தாண்டிய ஒரு பெண்மணிக்கு இது என்ன விளையாட்டு என்று நீங்கள் கேட்கலாம். ஊரும் கேட்டது. அவருடைய தம்பி முரளியே முதலில் சிரித்தவன். "முன்னாடி இழுக்கிற வண்டிக்கு வாலு ஆடாதுக்கா. சறுக்கி ஓட்டற டிரிஃப்ட்டெல்லாம் பின்னாடி தள்ற வண்டிக்குத்தான்" என்றான். "ஆடாதா? எனக்கு ஒரு தரம் ஆடிச்சேடா" என்றார் அக்கா. அதற்குப் பிறகு முரளி சிரிக்கவில்லை.

தாட்சாயணி நகரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். அந்த மாதிரி காரில் இடது பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் சொதப்பினால் பக்கத்தில் இருப்பவர் மிதித்துக்கொள்ளலாம். வருஷக்கணக்காக அவருடைய வலது கால் அந்த பிரேக்கின் மேல்தான் குடியிருக்கிறது. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு உட்காருவார். எருமை குறுக்கே வந்தால், "பிரேக்" என்று வாய் தொடங்குவதற்குள் கால் வேலையை முடித்திருக்கும்.

அந்தக் காலுக்கு ஓய்வு என்பதே கிடையாது. திருப்பதிக்கு பஸ்ஸில் போனாலும் டிரைவர் ஒவ்வொரு தரம் லாரியை முந்தும்போதும் இவர் முன் சீட்டுக்காரரின் பையை மிதித்துவிடுவார். தூக்கத்திலும் பிரேக் உண்டாம். "கனவுலயும் கிளாஸ் எடுத்துக்கினுதான் இருக்குது, நான் செவுத்தோரம் ஒண்டிக்கறேன்" என்கிறார் விசைத்தறி ஓட்டும் கணவர் தணிகாசலம். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொல்வதால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

இத்தனை பேரைக் காப்பாற்றிய அந்தக் காலே போன மழைக்காலத்தில் அவரை வாரிவிட்டது. விஜயபுரம் போகும் ரோட்டில் ஏரிக்கரை வளைவு, நல்ல தூறல். ஸ்டீயரிங்கில் ஒரு காலேஜ் பெண். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்துவிட்டாள். பாரமெல்லாம் முன்னால் சாய்ந்தது, பின்பக்கம் லேசாகி ஒரு சாண் விலகியது. அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மெல்லக் கொடுத்திருந்தால் முன்சக்கரம் இழுத்து நேராக்கியிருக்கும். தாட்சாயணியின் கால் விடுமா? ஓங்கி மிதித்துவிட்டது. கார் தட்டாமாலை சுற்றி, வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பெண் இறங்கி, சேற்றில் நின்ற காரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். தாட்சாயணிதான் அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூல் முதலாளி ஜெகநாதன் நல்ல மனிதர். "யானைக்கும் அடி சறுக்கும், வுடும்மா" என்றார். "யானை சறுக்கினா யானைதான் வுழும். எம் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்துக்கினு இருந்துச்சேண்ணா" என்றார் இவர்.

அன்று முதல் வானம் கறுத்தால் வகுப்பு கிடையாது. "இன்னிக்கு வாணாம், நாளைக்குப் பாக்கலாம்" என்று போன் போட்டுவிடுவார். தூறலில் மாட்டிக்கொண்டால் வண்டியை ஓரம் கட்டி, ரோடு காயும்வரை உட்கார்ந்திருப்பார். ஜெகநாதன் பொறுத்துப் பார்த்தார். இந்த வருஷம் ஆவணி பிறந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டார்: "ஐப்பசி கார்த்திகைல தெனம் மழைதான். இந்த மழைக்கும் நீ அந்த சீட்ல உக்காரலன்னா நான் வேற ஆளு பாக்கணும்மா. தப்பா நெனச்சிக்காத."

தாட்சாயணி தப்பாக நினைக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லையே, அதுதான் வேதனை. தன் காலையே நம்பமுடியாத ஒருத்தி அடுத்தவர் உயிருக்கு எப்படிப் பொறுப்பேற்பாள்? அந்த சீட்டைத் தவிர அவருக்குத் தெரிந்த பிழைப்பும் இல்லை, பிடித்த இடமும் இல்லை.

இந்தக் கவலையில் இருந்தபோதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் காரின் பின்சக்கரத்துக்கு அடியில் டிரே வைத்து வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். முரளிக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கேன்டீன் வேலை. உடைசல் டிரேக்கள் அங்கிருந்து வந்தன. ஸ்கூல் காரையும், தூக்கிப்போட வைத்திருந்த வழுக்கை டயர் இரண்டையும் ஜெகநாதன் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொடுத்தார். மனைக்குப் போனதும் டயரை மாற்றுவதும், கிளம்பும் முன் நல்ல டயரைத் திரும்ப மாட்டுவதும் தாட்சாயணியேதான். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜாக்கியைச் சுற்றும்போது அவர் முகத்தில் ஒரு தனி உற்சாகம் தெரியும்.

முதலில் டிரே. அது பழகியதும் டிரே இல்லாமல், ரோட்டில் தண்ணீர் ஊற்றி, வளைவில் கைபிரேக்கை ஒரு இழு இழுத்து விடுவது. அதுவும் பழகியதும், வழுக்கை டயரோடு வளைவில் நுழைந்து, அந்தக் காலேஜ் பெண் செய்ததைப் போலவே ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்பது. வால் விலகும். விலகட்டும் என்று விட்டு, அது போகும் பக்கமே ஸ்டீயரிங்கைக் கொடுத்து, ஆக்சிலேட்டரில் காலை மெல்லப் பதிப்பார். "முன்னாடி இருக்கறது இழுத்துக்கினு போவுது. பின்னாடி இருக்கறது எங்க போயிரும்? வந்துதானே ஆவணும்!" என்று முதல்முறை வண்டி நேரானபோது சின்னப் பெண்போலக் கத்தினார். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

கொஞ்சம்தான். ஸ்டீயரிங் தன் கையில் இருந்தால் பயமில்லை. ஆனால் பிழைப்பு இடது சீட்டில் அல்லவா? முரளியை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். வால் விலகியதுதான் தாமதம், கால் பாய்ந்து பிரேக்கை மிதித்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"அக்கா, காலு!"

"நான் எங்கடா வெச்சேன்? அதுவா போவுது!"

துப்பட்டாவால் காலை சீட்டோடு கட்டிக்கூடப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. மழைக்கு முந்தைய கடைசி ஞாயிறும் மிதித்துத் தொலைத்தார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு வெங்கடசாமிக்கு. விஜயபுரத்தில் நெல்லும் கடலையும் போடுகிற அறுபது வயது விவசாயி. மகன் வாங்கித் தந்த கார் வாசலில் நிற்கிறது. அதைத் தன் கையால் ஓட்டிக்கொண்டு காணிப்பாக்கம் போய்ப் பூஜை போட வேண்டும், அதுவரை வேறு யாரும் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். அதனால் கார் கோழி அடைகிற இடமாகியிருக்கிறது. கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. "மய வருதே, இன்னிக்கு வாணாமா டீச்சரம்மா?" என்றார் அவர். தாட்சாயணி ஜெகநாதனின் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பர்வாலேது நைனா, ஒண்ணும் ஆவாது, எடு வண்டிய."

ஏரிக்கரை வளைவு வந்தது. அதே தூறல். வளைவின் நடுவில் ஒரு கொக்கு எழும்பிப் பறக்க, வெங்கடசாமி திடுக்கிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வால் விலகுவதை தாட்சாயணி தன் இடுப்பில் உணர்ந்தார். கால் எழும்பியது. பெடலுக்கு மேலே அப்படியே நின்றது.

"ஆக்சிலேட்டர் குடு நைனா. மெதுவா, மெதுவா." ஸ்டீயரிங்கின் கீழே கை கொடுத்து ஒரு பிடி திருப்பினார். டீச்சர் சொன்னால் வேதவாக்கு என்றிருக்கும் வெங்கடசாமி, கேள்வி கேட்காமல் கொடுத்தார். முன்சக்கரங்கள் இழுத்தன. பின்பக்கம் ஒருமுறை தயங்கிவிட்டு வழிக்கு வந்தது. கடலைக் கொல்லை ஜன்னலில் நேராகப் பின்னால் போயிற்று.

"ரோடு கொஞ்சம் ஆடின மாதிரி இருந்துச்சே டீச்சரம்மா?"

"ஆடிச்சு நைனா. நீதான் நிறுத்தின." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அப்பாடா என்று ஒரு வருஷத்து மூச்சு வெளியே போயிற்று.

"திருப்பிக்கினு ஊட்டுக்குப் போயிரலாமா?" என்றார் வெங்கடசாமி, சந்தேகத்தோடு.

"ஏன்? மய நல்லாத்தானே பெய்யுது. இன்னும் கொஞ்ச தூரம் போலாம், ஓட்டு" என்றார் தாட்சாயணி. சொல்லிவிட்டு, வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்து, சீட்டின் மேல் மடக்கிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.