அக்கா வீட்டுக் கடப்பு

என் மனைவிக்கு இரத்தப் புற்றுநோய் என்று கொழும்பு ஆசுபத்திரியில் சொன்ன அன்று, அவள் டொக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் திரும்ப இடியப்பம் அவிக்கலாமோ?" டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற தாதி சிங்களத்தில் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். முதலில் உயிரோடு வீட்டுக்குப் போகிற வழியைப் பார்ப்போம் என்றாராம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மட்டக்களப்புக்குக் கிட்ட ஆரையம்பதியில், வாவிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் பின்நேரங்களில் இடியப்பம் அவித்து விற்றாள். பொழுது சாயும்போது கேற்றடியில் ஆட்கள் வந்து நிற்பார்கள். யாருக்குச் சம்பல் உறைக்க வேண்டும், யார் சொதியைத் தனியாகக் கட்டச் சொல்லுவார், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் மகளுக்கு எங்கே கலியாணம் பேசுகிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டை விட்டு வெளியே போகாமலே ஊர் முழுக்கச் சுற்றி வருகிறவள் அவள். "உனக்குச் சம்பளமே இந்தக் கதைதான் புள்ள" என்று நான் பகிடி பண்ணுவேன்.

எங்கள் பக்கத்தில் வீடும் காணி வளவும் சீதனமாகப் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து குடியேறுகிறவன். மாமியார் தன் வளவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூத்த மகளுக்கும் மற்றதை என் மனைவிக்கும் கொடுத்திருந்தார். நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி. அந்த வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடப்பு. வேலியை எப்படி வேண்டுமானாலும் கட்டுங்கள், கடப்பை மட்டும் அடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார் கண்ணை மூடினாராம். அந்தக் கடப்பால் கறி வந்தது, சீனி போனது, சண்டை வந்தது, சமாதானமும் வந்தது.

மச்சாளைப் பற்றி, அதாவது என் மனைவியின் அக்காவைப் பற்றி, ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். பெண்கள் வார்டில் புருஷன் தங்க முடியாது. நான் கொழும்பில் ஒரு தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் படுத்துக்கொண்டு, பார்வை நேரத்துக்கு மட்டும் போய் வந்தேன். உள்ளே கட்டிலுக்குக் கீழே சீமெந்துத் தரையில் பாயைப் போட்டுப் படுத்தவர் மச்சாள். மருந்து ஏற்றினால் இவளுக்குக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். அதைக் கையால் ஏந்தியவர் அவர். முடி கொத்துக்கொத்தாகக் கழன்றபோது, தங்கச்சி காணக் கூடாது என்று தலையணையில் கிடந்ததைப் பொறுக்கித் தன் சீலைத் தலைப்பில் முடிந்தவரும் அவர்தான். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் நடந்தது இவ்வளவுக்கு எரிந்திருக்காது.

முதல் தரம் மருந்து முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தத் தாதி மூலம் சொன்னார். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஒன்றும் இல்லை, ஒரு சின்னத் தடிமன் இருமல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும், ஆட்கள் வரவே கூடாது. அடுத்த தரம் மருந்து ஏற்றும் வரைக்கும் அவளை அப்படியே காப்பாற்றிக் கொண்டுவர வேண்டியது உன் பொறுப்பு என்றார். நான் வந்ததும் முதல் வேலையாகக் கேற்றுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

ஐயோ, அதற்குப் பிறகு நான் கேட்ட பேச்சு! எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள். நோய் வருத்தம் பார்க்கப் போகாவிட்டால் சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். வெறுங்கையோடு போகவும் கூடாது, ஓரஞ்சோ பிஸ்கற்றோ கொண்டுபோக வேண்டும். போனால் கட்டிப்பிடித்து அழவும் வேண்டும். அழாமல் திரும்பினால் அது வேறு கதையாகிவிடும். இப்படிப்பட்ட ஊரில் நான் கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே நின்று, "டொக்டர் சொன்னவர், ஆக்கள் கூடாதாம்" என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் ஒருத்தி எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "சீதன வீட்டில இருந்துகொண்டு சீதனக்காரிர சொந்தத்தையே துரத்துறான் பாருங்க."

கேற்றுக்குத்தானே பூட்டு. கடப்புக்கு? ஓரஞ்சுப் பையோடு மச்சாள் வீட்டுக்குப் போவார்கள், அங்கே ஒரு தேத்தண்ணியைக் குடிப்பார்கள், கடப்பால் நுழைந்து எங்கள் குசினி அடுப்படிப் பக்கம் வந்து நிற்பார்கள். நான் மச்சாளோடு சண்டை பிடித்தேன்.

"நான் என்ன மச்சான் செய்ய? பாக்க வந்த சனத்தைப் போ எண்டு சொல்ல ஏலுமா? நாளைக்கு நமக்கொண்டெண்டா ஆர் வருவாங்க?" என்றார்.

அன்றே கடப்பை அடைக்கக் கிடுகு எடுத்தேன். இவள் கட்டிலிலிருந்து எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தலையில் ஒரு முடியில்லை, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்க் கிடந்தது. "எதை வேணுமெண்டாலும் பூட்டுங்க. அதைத் தொடாதீங்க. அது அம்மா விட்ட வழி" என்றாள். அந்தக் கோலத்தில் நின்று சொன்னால் நான் என்ன செய்கிறது? கிடுகைக் கொண்டுபோய்த் திரும்பக் கொட்டிலில் போட்டேன்.

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளும் வந்தது. நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. முதலாளி காத்தான்குடிக்காரர், நல்ல மனுசன். "தம்பி, எனக்கும் விளங்குது. ஆனா நானும் எவ்வளவு நாளைக்கு உங்கட இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கிற?" என்று போனில் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. விடியச் சோறு கறி சமைத்து, கொதித்தாறிய தண்ணீரைப் போத்தலில் ஊற்றி வைத்து, மச்சாளிடம் ஒருத்தரையும் விட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். கல்லடிப் பாலத்தில் போகும்போதும் மனம் வீட்டில்தான் நின்றது. கடையில் ஆணி நிறுக்கச் சொன்னால் கம்பியை எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் தைல மணம். கட்டிலைச் சுற்றிப் பிளாஸ்டிக் கதிரைகள். சன்னலில் ஓரஞ்சுகள். களுவாஞ்சிக்குடியிலிருந்து பெரியம்மா முறையான ஒரு கிழவி வான் பிடித்துக்கொண்டு வந்து, கொக்குக் கொக்கென்று இருமி இருமி, இவளுடைய நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சிவிட்டுப் போயிருக்கிறார். "நான் என்னெண்டு வேணாமெண்டு சொல்ற? எட்டி நில்லுங்க எண்டா அழுறா" என்றாள் இவள். பாவம், அவளுக்கும் ஆள் முகம் காண ஆசைதானே.

இரண்டு நாளில், விடியக் காலையில், உடம்பு அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஆட்டோவில் போட்டு மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினேன். நேரே தீவிர சிகிச்சைப் பிரிவு. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கிழமைக்கணக்கில் நின்றேன் என்றே சொல்லலாம். அவளை எனக்குத் திருப்பித் தருவார்களா என்று அங்கே ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஊரில் என்ன கதை தெரியுமா? "அவன் வருத்தக்காரியைத் தனிய விட்டுப்போட்டு வேலைக்குப் போனவன். அதுதான்." அப்படிச் சொன்ன வாய்களில் பாதி, கடப்பால் வந்து தேத்தண்ணி குடித்த வாய்கள்.

பிழைத்தாள். எப்படி என்று எனக்குத் தெரியாது. தள்ளிப்போன மருந்தை ஏற்றினார்கள், திரும்ப வாந்தி, திரும்பக் கொழும்பு, திரும்பக் கட்டிலுக்குக் கீழே மச்சாள். ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் இவள் இடியப்பக் கதைதான் கதைப்பாள். பிழிகிற உரலுக்கு எண்ணெய் பூசி வையுங்கள், பிரம்புத் தட்டுகளைக் கறையான் அரிக்க விடாதீர்கள் என்று எனக்குக் கட்டளை. கடைசியில் டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, நோய் இப்போது இல்லை, வேலை செய்யலாம், ஆட்களோடு பழகலாம், இனிப் பயமில்லை என்றார். முதல் நாள் கேட்ட கேள்வி அவருக்கு ஞாபகமிருந்தது. "இடியப்பம்?" என்று அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிச் சிரித்தார். இந்தமுறை நானும் சிரித்தேன்.

வந்து மாவை வறுத்து, அரித்து, தேங்காய் துருவி, வளர்ந்தும் வளராத முடியை ஒரு துணியால் கட்டிக்கொண்டு அவள் அடுப்படியில் குந்தினாள். நான் உரலைப் பிழிந்து கொடுத்தேன். அவளுக்கு இன்னும் கையில் அவ்வளவு பலமில்லை. பொழுது சாய்ந்தது. கேற்றைத் திறந்து வைத்தோம். ஒருத்தரும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. ஒழுங்கையால் போகிறவர்கள், "ஆ, சுகமாகிட்டுதா? கடவுள் புண்ணியம்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை நிறுத்தாமல் போனார்கள். வரக்கூடாத நேரத்தில் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து கொஞ்சினதுகள், வாங்கோ வாங்கோ என்று கேற்றைத் திறந்து வைத்தால் எட்டியும் பார்க்கவில்லை. கடைசியில் ஒருத்தன் என்னிடம் வாய்விட்டே கேட்டான். "மச்சான், குறை நினைக்காத. அந்த வருத்தம் சாப்பாட்டால தொத்தாதோ?" அவனுடைய பெண்சாதியும் ஓரஞ்சு கொண்டு வந்தவள்தான். சீ, என்ன சனமோ!

மச்சாள் மட்டும் வாங்கினார். ஒவ்வொரு பின்நேரமும் கடப்பால் வந்து, சட்டியை நீட்டி, வீட்டுக்கு எல்லாருக்கும் போதுமான அளவு வாங்கிப்போவார். "புள்ளைகள் விரும்பித் திண்டுதுகள்கா" என்பார். இவளுடைய முகம் அப்படியே மலரும். அந்த ஒரு சட்டிக்காக அவள் மத்தியானம் தொடங்கி அடுப்படியில் நின்றாள். நான் மச்சாளை மனதுக்குள் கும்பிட்டேன். பழைய சண்டையெல்லாம் போகட்டும் என்று விட்டேன்.

பிறகு ஒருநாள் நான் வேலையால் வர, இடியப்பம் அவிந்து ஆறிக் கிடந்தது. மச்சாளைக் காணவில்லை. "பாவம், வேலையாக்கும். கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க" என்றாள் இவள். சட்டியோடு கடப்பால் நுழைந்தேன்.

மச்சாள் வீட்டுப் பின்பக்கக் கோடிப்புறத்தில் கோழிகள் கூடி நின்று கொத்திக்கொண்டிருந்தன. தகர மூடியில் இடியப்பம். நேற்று இவள் அவித்த இடியப்பம். குத்தரிசி மா கலந்த அந்தச் சிவப்பு நிறம் எனக்குத் தெரியாதா?

மச்சாள் குசினி வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

"நான் ஒண்டும் நினைக்கல்ல மச்சான். எங்கட இவர்தான், புள்ளையளுக்குக் குடுக்க வேணாமெண்டு ஒரே பிடியா நிக்கிறார். தங்கச்சிர மனம் நோகக் கூடாதெண்டுதான் வாங்கின நான்."

"நீங்க திண்டீங்களா மச்சாள்?"

வாந்தியைக் கையால் ஏந்தின மனுசி, முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். சட்டியோடு திரும்பினேன்.

இவளுக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே குசினிக்குள் வந்தேன். அவள் உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"கோழி நல்லாத் திண்டுதா?"

சட்டியை அடுப்படியில் வைத்தேன். "உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டாம் நாளே. வேலிக்குள்ளால தெரியுதுதானே."

"பின்ன என்னத்துக்குப் புள்ள இவ்வளவு நாளும் அவிச்ச?"

"அக்காவெண்டாலும் கடப்பால வாறாவே எண்டுதான். இண்டைக்கு அதுவும் இல்ல." உரலைக் கவிழ்த்து வைத்தாள். "நாளையிலிருந்து டவுனுக்குக் கொண்டுபோங்க. அங்க ஒரு சாப்பாட்டுக் கடையில கேட்டுக் குடுங்க. ஆர் அவிச்சதெண்டு சொல்ல வேணாம். இப்ப போய் அந்தக் கடப்பை அடைச்சுப்போட்டு வாங்க."

கொட்டிலில் கிடந்த அதே கிடுகை எடுத்தேன். இத்தனை மாதமாக இதைச் செய்யத்தான் நான் துடித்தேன். இப்போது கம்பியை முறுக்க எனக்குக் கை வரவில்லை. சத்தம் கேட்டு அந்தப் பக்கம் மச்சாள் ஓடி வந்தார்.

"என்ன மச்சான் செய்றீங்க? அது அம்மா விட்ட வழியெல்லா! தங்கச்சி, இஞ்ச வந்து பாருகா இவர் செய்ற வேலையை!"

நான் குனிந்தபடி கம்பியை முறுக்கினேன். குசினிக்குள்ளிருந்து இவளுடைய குரல்தான் கேட்டது.

"டொக்டர் சொன்னவர்கா. எனக்கு ஆக்கள் கூடாதாம்."