அவள் ரத்தம் சும்மா இருந்த நாள்

கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். கை வடிவப் பீங்கான் அச்சுகள் ரப்பர் பாலில் முங்கி, அடுப்பில் காய்ந்து, வரிசையாக நகர்ந்து வரும். அவற்றிலிருந்து கையுறைகளை உரித்தெடுக்க வேண்டும். உரிக்கும்போது வெள்ளை மாவு பறக்கும். முதலில் கை அரித்தது. பிறகு ஓயாத தும்மல். "உனக்கு வேலைன்னாலே தும்மல்தான்" என்று கணவர் கேலி செய்வார்.

பல் பிடுங்கப் போன அன்று அந்தக் கேலி நின்றது. மருத்துவர் கையுறை விரலை வாய்க்குள் வைத்த சில நிமிடங்களில் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, நாற்காலியிலேயே நினைவு தப்பினாள். பெரிய மருத்துவமனையில் கண் விழித்தபோது, செருப்புகூடப் போடாமல் ஓடி வந்த கணவர் கட்டிலருகே நின்றார்.

ரப்பரில் உள்ள புரதம் அவள் உடம்புக்கு ஆகவில்லை என்றார்கள். வேலையை விட்டாள். பலூன் கட்டிய வீட்டு வாசலைக்கூட மிதிக்க பயந்தாள்.

அந்த மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர் அவளைத் தேடி வந்தார்.

"அந்தப் புரதத்தையே ஊசியில துளித்துளியா ஏத்தி உடம்பைப் பழக்கலாம்க்கா. ஆனா சில பேருக்கு அந்த ஊசியே ஆபத்தாயிடுது. அதான் புரதத்தைக் கொஞ்சம் மாத்திப் பாக்குறோம். மாத்தினது சாதுவான்னு தெரிய உங்க ரத்தம் வேணும்."

"என் ரத்தமா? அதுதானே வம்புக்கே காரணம்!"

"அதனாலதான். உங்க ரத்தம் அதைப் பார்த்தும் சும்மா இருந்தா, எங்களுக்குத் தெம்பு."

நான்கு வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டினாள். "இதுவும் இல்லக்கா" என்று ஆராய்ச்சியாளர் வாடும்போதெல்லாம் இவள்தான் தேற்றினாள். பதினான்காவதாக மாற்றிய புரதத்தைப் பார்த்தும் ரத்தம் சும்மா இருந்தது. ஆராய்ச்சியாளர் அதைப் போனில் அழுதுகொண்டே சொன்னார்.

மனிதர்களுக்குப் போட அனுமதி வர மேலும் இரண்டு வருடம் ஆனது. முதல் ஊசி தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள். அதற்குள் இதயத்துக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"ஏதாவது ஆச்சுன்னா, உங்களைக் காப்பாத்துற மருந்தை அந்த மாத்திரை வேலை செய்ய விடாதுக்கா. சேர்க்க முடியாது."

அவள் கேட்டாள்: "யாருக்குப் போடுறீங்க?"

"ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்தங்களுக்கு. அவங்களுக்கும் ரப்பர் ஆகாது."

"அவங்க சம்மதிச்சா நான் கூட உக்காரட்டுமா?"

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் கவனிக்க வேண்டும். நர்ஸ் இவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பதாவது நிமிடம் அவர் தொண்டையைத் தடவ, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பயத்தில் நா வறண்டிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் குடித்ததும் சரியானது. நேரம் முடிந்தபோது ஊசி போட்ட இடத்தில் சிறு தடிப்பு மட்டும் இருந்தது.

வெளியே வந்தவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"நமக்குக் கெடைக்கலையேன்னு அழறியா?" என்றார் கணவர்.

"அதுவுந்தான்."

அந்த வருடம் இருபத்து மூன்று பேருக்கு அந்த ஊசி போட்டார்கள். ஒருவருக்கும் மூச்சு அடைக்கவில்லை. அவள் இன்றும் கையுறையைக் கண்டால் ஒதுங்கித்தான் நடக்கிறாள்.