கிடாய்க்குக் கொண்டுவந்த கயிறு

அலங்காநல்லூர் மொக்கையன் பதினெட்டு வருசம் சைக்கிள் பந்தயம் ஓட்டினான். ஒரு முதல் பரிசும் வாங்கவில்லை. காலில் தெம்பில்லாமல் இல்லை. அவன் வேலை வேறு. கூட்டாளி நைனா முகமதுவுக்கு முன்னால் போய் எதிர்காற்றைத் தன் நெஞ்சில் வாங்குவான். நைனா நோகாமல் பின்னால் வருவான். எல்லைக்கு முன்னால் உள்ள மைல்கல்லில் மொக்கையன் இடது பக்கம் ஒதுங்க, நைனா பாய்ந்து ஜெயிப்பான். பரிசுக் கிடாயில் ஆளுக்குப் பாதி.

இப்போது மொக்கையனுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த ஆடித் திருவிழாப் பந்தயத்தோடு நிறுத்துவதென்று முடிவு.

"இன்னைக்கு நீ ஜெயிக்கணும் மாப்ள. காத்த நான் வாங்குறேன். பொத்திக்கிட்டுப் பின்னாடி வா" என்றான் நைனா.

மொக்கையன் பெண்சாதி அழகம்மாள் கிடாயை ஓட்டிப்போகக் கயிறே கொண்டுவந்திருந்தாள். "கிடா வரலேன்னா இதுல உங்களத்தேன் கட்டுவேன்."

பாலமேடு போய்த் திரும்ப வேண்டும். நைனாவின் முதுகுக்குப் பின்னால் மொக்கையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பள்ளம் எங்கே, மாடு எங்கே, எதுவும் தெரியவில்லை. அவன் பனியன் கிழிசலையே எவ்வளவு நேரம் பார்ப்பது? ரெண்டு மைல் பொறுத்தான். பிறகு முன்னால் போய்விட்டான்.

"பின்னாடி போடா" என்றான் நைனா.

"மூச்சு முட்டுது மாப்ள. நீ வா."

திரும்புகையிலும் மொக்கையன்தான் முன்னால். விளாங்குடி சூர்யபிரகாஷ் மட்டும் துரத்தி வந்தான். கொடி தெரிந்தது. மேடைப் பக்கம் கட்டியிருந்த கிடாயும் தெரிந்தது. விடாமல் மிதித்தால் போதும்.

மைல்கல் வந்தது. மொக்கையனின் ஹேண்டில்பார் தானாக இடது பக்கம் திரும்பியது. காலும் நின்றது.

"எங்கடா ஒதுங்குற? நேராப் போடா கிறுக்குப்பயலே" என்று கத்திய நைனா, தானும் பிரேக்கைப் பிடித்தான். அவன் தாண்டியிருக்கலாம். தாண்டவில்லை. சூர்யபிரகாஷ் தாண்டினான்.

மொக்கையன் ரெண்டாவது, நைனா மூணாவது.

"நீங்களாச்சும் போயிருக்கலாம்ல அண்ணே?" என்றாள் அழகம்மாள்.

"அவன் ஜெயிக்கணும்னு வந்த நாளு. எனக்குக் கால் வரல தாயி."

அவள் ரெண்டாம் பரிசு குக்கரைத் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம உங்க வீட்டு சைனப் மதினியக் கூட்டிட்டு வாங்க. கோழிய நீங்களே அறுத்து எடுத்தாங்க. இதுல வச்சுத் தாரேன்."

மொக்கையன் அந்தக் கயிற்றால் குக்கர் பெட்டியை மொபெட்டில் கட்டினான். நைனா எட்டப் போய் நின்று பார்த்தான்.

"இடது பக்கம் சாயுது மாப்ள."