நீலசந்திராவிலிருந்து நோயல் பேசுகிறார்

பிரிஸில்லாவின் குரல் ஒரு நாளும் ரேடியோவில் வந்ததில்லை. ஆனால் அவள் லீவு போட்டால் அந்த ஸ்டேஷனில் தமிழ் நேரம் தள்ளாடிப் போகும். பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடையின் இரண்டாம் மாடியில் இருக்கிறது ஸ்டேஷன். நாள் முழுக்கக் கன்னடத்தில் செய்தியும் சண்டையும். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் தமிழ். நேயர்கள் போன் போட்டுத் தங்கள் குறையைச் சொல்லலாம். அந்தப் போனை எடுப்பவள் பிரிஸில்லா. ஒன்பது வருஷமாக எடுக்கிறாள்.

எடுப்பதென்றால் சும்மா ஹலோ சொல்வதல்ல. ஆள் யார், என்ன குறை, அழுவாரா, கெட்ட வார்த்தை பேசுவாரா என்று அரை நிமிஷத்தில் எடை போட்டுவிடுவாள். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் அதட்டி, தேவைப்பட்டால் உருதுவில் கொஞ்சி வாயைக் கிளறுவாள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே உத்தரவு: "ரேடியோவ ஆஃப் பண்ணிடுங்க. இல்லாட்டி ஊளைச் சத்தம் வரும். போன்ல மட்டும் கேளுங்க."

ஊளைச் சத்தம் வருவது உண்மைதான். இன்னொரு காரணமும் உண்டு, அதை நேயரிடம் சொல்வதில்லை. அவள் மேஜையில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் நேயர் பேசுவது ஊருக்குப் போகும். ஸ்டுடியோவில் பேசுவதும் ஊருக்குப் போகும், நேயருக்கு மட்டும் போகாது. ரேடியோவையும் அணைத்துவிட்ட அந்த அப்பாவி, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னைக் கேட்கிறார்கள் என்று நினைத்து மேலும் மேலும் கொட்டுவார். அவர் பேச்சின் மேலேயே தொகுப்பாளர் சாய்கிருஷ்ணா கிண்டலடிப்பான், கழுதை கத்துகிற சத்தம் போடுவான். முடிந்ததும் பிரிஸில்லா பட்டனை விடுவிப்பாள். "மனசைத் தொட்டுட்டீங்க சார்" என்று சாய்கிருஷ்ணா குழைவான். கறிக்கடையிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுகள் வரை ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். ஜனங்கள் நல்லவர்கள் என்று யாராவது சொன்னால் பதினொன்றரை மணிக்கு அந்தத் தெருக்களில் ஒரு நடை நடந்து பார்க்கட்டும்.

தெரிந்துமா போன் போடுகிறார்கள் என்று கேட்கலாம். போடுகிறார்கள். நேற்றுப் பேசியவன்தான் முட்டாள், தன் குறை நிஜமான குறை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தது சாய்கிருஷ்ணா அல்ல. அவன் வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. நாலு வருஷத்துக்கு முன் கை தவறி அந்தப் பட்டனில் பட்டபோது கண்டுபிடித்தவள் பிரிஸில்லா. அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. அவளுடைய கணவர் நோயலுக்கு அதைவிடப் பெருமை. தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி, பகலில் வெளியே போவதில்லை. மகள் விட்டுப்போன, நெட் இல்லாத பழைய போனில் தமிழ் நேரத்தை ஒரு நாள் விடாமல் கேட்பார். சாயங்காலம் அவள் வந்ததும் அன்றைக்கு மாட்டியவர் மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பார்.

வீட்டுக்கு வெளியே அவருக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சர்ச் பாடகர் குழு. முப்பத்தொரு வருஷமாகக் கடைசி வரிசையில் நின்று அடிக்குரல் பாடுகிறவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்கென்றால் முழங்கால்கூட அவர் பேச்சைக் கேட்கும்.

டிசம்பர் முதல் வாரம், அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு பிரிஸில்லாவின் திரையில் நோயலின் நம்பர் வந்தது.

"பிரிஸி, நான்தான். என்னை லைன்ல போடு."

"என்னங்க, வேலை நேரத்துல விளையாடறீங்களா?"

"விளையாட்டு இல்ல. உன்கிட்ட சொல்லல. எங்க பாட்டுக் குழுவுக்கு வந்த புது லீடர் பொண்ணு யூனிஸ், கிறிஸ்மஸ் பாட்ட வீடியோ எடுக்கறாங்களாம். 'அங்கிள், நீங்க வரிசையில நில்லுங்க, வாயை மட்டும் அசைங்க, சத்தம் வேணாம்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. ரெண்டு வாரமா வாயை அசைச்சுட்டு வரேன். பொம்மை மாதிரி."

இரண்டு வாரமாக அவர் ஒத்திகைக்குப் போய்விட்டுத் திரும்பியதும், இன்றைக்கு எப்படி இருந்தது என்று அவள் கேட்கவே இல்லை.

"அதுக்கு ரேடியோ எதுக்குங்க? பாஸ்டர்கிட்ட பேசுங்க."

"சர்ச் ஆளுங்க அத்தனை பேரும் இதைத்தான் கேக்கறாங்க. அவங்க முன்னாடி சொல்லணும், ரெண்டு வரி பாடிக் காட்டணும். அப்புறம் என் குரலுக்கு என்ன குறைன்னு அவங்களே சொல்லட்டும். நீ இருக்கற தைரியத்துலதான் போடறேன். அந்தப் பட்டனை மட்டும் தொடாத."

"தொடமாட்டேன்" என்றாள். வழக்கம் விடவில்லை, அடுத்த வார்த்தையும் தானாக வந்தது. "ரேடியோவ ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"அப்பவே பண்ணிட்டேன்."

நீலசந்திராவிலிருந்து நோயல் என்று அறிவித்து சாய்கிருஷ்ணா லைனை எடுத்தான். அவளுடைய கணவர் பெயர் அவனுக்குத் தெரியாது. முதல் இரண்டு நிமிஷம் நோயல் நன்றாகத்தான் பேசினார். யூனிஸ் பெயரைச் சொன்னார், ஆனால் யாரையும் திட்டவில்லை. வயசாகிவிட்டது, போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன், நின்று வாயை அசை என்றால் எப்படி என்று கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

குரல் கீழே இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. அங்கேயே இரண்டாக உடைந்து, கரகரவென்று இழுபட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாய்கிருஷ்ணாவின் முகம் மலர்ந்தது. அவளைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினான். அழுத்து என்று அர்த்தம்.

அவனுடன் பேசும் மைக் அவள் வாய்க்கு நேரே இருந்தது. என் வீட்டுக்காரர், விட்டுடு என்று சொன்னால் போதும். சொன்னால் நாளையிலிருந்து ஆபீஸ் முழுக்க, பாட்டுக்காரர் எப்படி இருக்கார் என்று விசாரிக்கும். அவள் பட்டனை அழுத்தினாள்.

"யாருப்பா அங்க லாரிய ரிவர்ஸ் எடுக்கறது?" என்றான் சாய்கிருஷ்ணா. "சார், வண்டி ஸ்டார்ட் ஆகாது, தள்ளிக்கிட்டே போயிடுங்க. அந்த யூனிஸ் பொண்ணுக்கு கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல ஒரு சிலை வைக்கணும்." கழுதையும் கத்தியது. நோயலுக்கு எதுவும் கேட்கவில்லை. நிசப்தம்தான் கேட்டது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார், அதற்கடுத்த வரிக்கும் போனார். நாலு நிமிஷம். எந்த நொடியிலும் அவள் பட்டனை விடுவித்திருக்கலாம். விரல் தானாகப் போய்விட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். மூன்றாம் நிமிஷத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாகக் குளியலறையிலிருந்து கேட்ட குரல் அது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பன்னிரண்டரைக்கு ஸ்டேஷன் அதைத் துண்டாக வெட்டி நெட்டில் வெளியிட்டது. சாயங்காலம் அவள் பஸ் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்து சீட்டுக்காரியின் போனிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நோயல் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி நின்றார். அவர் இப்படி நிமிர்ந்து நின்று வெகுநாளாகிவிட்டது.

"ஒருத்தர்கூட குறுக்க பேசல, கவனிச்சியா?" என்றார். "சாய்கிருஷ்ணாவே வாயடைச்சுப் போயிட்டான். எங்க குழுவுல ஆல்டோ குரல் பாடற பெட்டி இருக்காளே, அவ போன் பண்ணா. பேசவே முடியாம சிரிச்சுக்கிட்டே இருந்தா, அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. நீ பட்டனைத் தொடல இல்ல?"

"தொடல" என்றாள் பிரிஸில்லா.

"எனக்குத் தெரியும்." பாட்டு நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஒத்திகைக்குப் போயிட்டு வரேன். இன்னைக்கு வாயைத் திறந்து பாடப் போறேன். எவ தடுக்கறான்னு பாக்கறேன்."

அவள் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். தலைவலி, கூட இருங்க என்று சொன்னாலே போதும், இருந்துவிடுவார். ஆனால் அப்புறம் இந்த வீட்டுக்குள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். சர்ச்சில் தெரிந்தால் அங்கே இருபது பேர் இருப்பார்கள், அவள் இருக்கமாட்டாள்.

காலர் மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "சீக்கிரம் கிளம்புங்க, லேட்டாயிடும்" என்றாள்.