கோசலையின் இரண்டு பதவிகள்

கோசலை ஒரு புறநகரின் நகரசபை உறுப்பினர் என்பது பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலருக்குத் தெரியாது. கோசலையைத் தெரியாதவர் மட்டும் இங்கே இல்லை. இங்குள்ள கோவிலின் ஆவணித் தேருக்கு வருகிற நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அவரிடம் பேச்சு வாங்கியிருக்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு வருடம் ரூ பஜோல் வீதித் திருப்பத்தில் தேர் நின்றுவிட்டது. யார் சொல்வதை யார் கேட்பது என்று ஆண்கள் வாதாடிக்கொண்டிருக்க, கோசலை ஒருவரின் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ஊதினார். தேர் திரும்பியது. அன்றிலிருந்து தொண்டர் படைக்கு அவர்தான் தலைவி. எவரும் நியமிக்கவில்லை, எதிர்க்கவும் எவருக்கும் துணிவில்லை.

பிறகு தன் புறநகரில் நகரசபைத் தேர்தலில் நின்றார். அதே ஊரில் குடியிருக்கும் நகைக்கடைப் புண்ணியமூர்த்தி மாடி மாடியாக ஏறி அவருக்கு வாக்குக் கேட்டார். வெற்றியில் பாதி புண்ணியமூர்த்தியுடையது என்று கோசலையே சொல்வார்.

அடுத்த தேர்தல் நெருங்கிய ஆவணியில் தேர் தாமதமானது. நிறைகுடம் வைத்த கடைவாசலைச் சாமி நிற்காமல் தாண்டிப் போவது நம்மவர் வழக்கமில்லை. அதை நம்பி, அனுமதியில்லாத இடங்களிலும் கடைக்குக் கடை நிறைகுடம் முளைத்திருந்தது. குறித்த நேரத்தில் வீதியைத் திறக்காவிட்டால் அடுத்த வருடம் தேரே இல்லை என்று பொலிஸ் அதிகாரி கோசலையிடம் சொல்லிவிட்டார்.

கடைசி நிறைகுடம் லா சப்பலில் புண்ணியமூர்த்தியின் நகைக்கடை வாசலில். வடம் பிடித்திருந்த நாங்கள் கோசலையைப் பார்த்தோம். நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன்.

"நிப்பாட்டும் பிள்ளை," என்றார் புண்ணியமூர்த்தி. "உமக்காக எத்தினை படி ஏறினனான்."

"ஓம் அண்ணை, மறக்கேல்லை. ஆனா இஞ்சை நிண்டால் அடுத்த வருசம் ஒருத்தற்றை வாசலுக்கும் சாமி வராது. தட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வாங்கோ."

சொல்லிவிட்டு விசிலை ஊதினார். எனக்குப் பயமாக இருந்தது. நகரசபைப் பதவி போனதென்றே எண்ணினேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பட்டுவேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, அர்ச்சனைத் தட்டோடு மனிதர் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். தேர் நகர நகரவே ஐயர் தட்டை வாங்கித் தீபம் காட்டினார்.

நேரத்துக்குள் தேர் கோவிலுக்கு வந்து சேர்ந்தது. புண்ணியமூர்த்தி மூச்சு வாங்கியபடி கோசலையிடம் வந்தார்.

"இனி உமக்கு நான் வோட்டுக் கேக்கமாட்டன்."

கோசலையின் முகம் வாடியது. ஆனாலும், சரி அண்ணை என்று மட்டும் சொன்னார்.

"உமக்கு வோட்டுப் போடுற எங்கடை ஊர்ச் சனம் முழுக்க இண்டைக்கு வீதியிலை நிண்டது. என்னையே நீர் ஓட வைச்சதைப் பாத்திட்டினம். இனி ஆரும் கேக்கத் தேவையில்லை."