ஐந்தரை மணிக்குக் கத்தும் கடியாரம்

எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கறுப்புக் கைக்கடியாரம் இருக்கிறது. ரப்பர் வார் ஒரு பக்கம் வெடித்துவிட்டது. தினமும் மாலை ஐந்தரைக்கு அது கீக் கீக் என்று கத்தும். கொஞ்ச நேரம் விடாமல் கத்திவிட்டுத் தானாக ஓயும். தறியில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணன் அந்தச் சத்தம் கேட்டதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, "டீ ஆச்சா?" என்று உள்ளே குரல் கொடுப்பார். அண்ணிக்குத்தான் எரிச்சல். "அந்தச் சனியன நிறுத்தித் தொலையேன்மா, காது கொடையுது" என்பார். எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை அண்ணி என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன். பொய்தான். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். எனக்குத்தான் அழுத்தக் கை வரவில்லை.

அந்தக் கடியாரம் என்னோடு வேலை பார்த்த அக்காவுடையது. கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் முதல் நாளிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். தொழிலில் அவர் கடல் சர்வேயர். கப்பலிலிருந்து ஒலி அலையை அனுப்பி, கடலின் தரை மேடா பள்ளமா, மணலா பாறையா என்று கண்டு சொல்கிறவர். எங்கள் கம்பெனிக்குக் கடலுக்குள் காற்றாலை நிறுத்தும் தொழில். நம் பக்கத்துக் கடலில் இன்னும் ஒரு விசிறிகூடச் சுற்றவில்லை. அதற்கு முன்னால் எங்கே கால் ஊன்றலாம் என்று பார்த்தாக வேண்டுமே, அந்த வேலைதான் தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பலில் நடந்துகொண்டிருந்தது. நான் சென்னை அலுவலகத்தில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருந்தேன், இன்னும் இருக்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து காலையில் ரயிலேறிப் போய் ராத்திரி திரும்புகிற கூட்டத்தில் ஒருத்தி.

எங்கள் கப்பலில் அப்போது எல்லாருமே ஆண்கள். பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள், "பெண்கள் எங்கே? வேறுவேறு சமூகத்து ஆட்கள் எங்கே?" என்று கேட்க ஆரம்பித்ததும், 'எல்லாருக்கும் இடம்' என்று ஒரு திட்டம் போட்டு அதை என் தலையில் கட்டினார்கள். எனக்கா, தலைகால் புரியவில்லை. தேடித் தேடி நான் பிடித்த முதல் ஆள்தான் அக்கா. ஊர் எதுவென்று கேட்டால் மாகறல் பக்கம் என்கிறார்! அடேயப்பா, நம்ம ஊர்க்காரி, நம்ம பஸ்ஸில் வந்து போகிறவர், கடலுக்குப் போகிறாரா என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அக்கா சமணக் குடும்பம். எங்கள் பக்கம் நயினார் வீடு என்பார்கள். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள், கிழங்கு வகை தொடமாட்டார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு கப்பலில் எப்படிக் காலம் தள்ளினீர்கள் என்று முதல் பயணம் முடிந்து வந்தபோது கேட்டேன். கப்பலில் ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு மேல்தான்.

அக்கா மணிக்கட்டைத் திருப்பி இந்தக் கடியாரத்தைக் காட்டினார். "இதுதான்மா. அஞ்சரைக்கு இது கத்தும். சமையக்கார அண்ணன் காதுல உழும். ஜன்னல் வழியா ஒரு தட்டு தள்ளுவார். நான் நின்னுக்கினே சாப்ட்டுட்டு மிஷின்கிட்ட போய்டுவேன். அவரும் ஏன்னு கேக்கல, நானும் சொல்லல."

இவ்வளவுதான் விஷயம். ஒரு மாதக் கடல் பயணத்தில், ஒருவரையொருவர் அதிகம் தெரியாத இரண்டு பேர், ஒரு பேச்சுமில்லாமல் இதை முடித்துவிட்டார்கள். நானும் அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். விடுகிற பிறவியா நான்?

என் வளர்ப்பு அப்படி. நாங்கள் பரம்பரையாகப் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். பங்குனி உற்சவத்தில் சாமி எங்கள் தெருமுனையில் நிற்கும்போது, கோயில் ஆள் எங்கள் தாத்தா பெயரை, குலத்தை, கைங்கரியத்தை எல்லாம் தெருவே அதிர உரக்கச் சொல்லிக் கூப்பிட்டு, அப்பாவின் தலையில் பரிவட்டம் கட்டுவார். அந்த நேரத்தில் அப்பா கண்ணில் தண்ணீர் நிற்கும். ஒரு வருஷம் ஏதோ தகராறில் பெயரைக் கூப்பிடாமல் சாமியை நகர்த்திவிட்டார்கள் என்று அப்பா நாலு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆக, ஒருவருக்கு மரியாதை செய்வது என்றால் நாலு பேர் நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பட்டைப் போர்த்துவது என்றுதான் என் ரத்தத்தில் ஊறியிருந்தது. வேறு மாதிரியும் மரியாதை உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கம்பெனி விழா. முதலாளிமார், வெளிநாட்டு விருந்தாளிகள், கப்பல் கேப்டன், இன்ஜினீயர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மைக் என் கையில். நான் அக்காவின் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், குலத்தைச் சொன்னேன். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது, அப்படிப்பட்டவர் ஆண்கள் நடுவில் கடலில் இருந்துவிட்டு வந்திருக்கிறார், அவர் விரதத்துக்கும் எங்கள் கப்பலில் இடம் உண்டு என்று முழங்கினேன். கைதட்டல் ஓயவில்லை. அக்காவை மேடைக்கு வரச் சொல்லி, எங்கள் வீட்டுத் தறியில் அண்ணன் நெய்த அரக்கு நிறப் பட்டுப்புடவையைப் பிரித்து, ஜரிகை முந்தானை முன்னால் தெரிகிற மாதிரி அவர் தோளில் போர்த்தினேன்.

அக்கா அசையாமல் நின்றார். இரண்டு கைகளையும் உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளி வைத்திருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து முடித்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து என் கையில் கொடுத்தார்.

"எங்க வூட்ல பட்டு சேக்கறது இல்லமா. நீ தப்பா எடுத்துக்காத. நெசவு ரொம்ப நல்லா இருக்குது."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், என்னப்பா இவர்கள், ஆசையாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏம்மா, புழுவ கூட்டோட வேக வெச்சி எடுக்கற நூலு இது. அவுங்க எறும்பு மேல கால் படக்கூடாதுன்னு பாத்து நடக்கறவுங்க. அத்தப் போய் அவுங்க தோள்ல போட்டியா?"

பட்டு ஊரில் பிறந்து வளர்ந்தவள். பாவும் ஜரிகையும் தெரியும். அந்த நூலுக்குள் செத்த உயிர் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவருடைய விரதத்தைப் பாராட்டுகிறேன் என்று சொல்லி, அதையே மேடையில் வைத்துக் கெடுத்திருக்கிறேன். மறுநாள் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "விடுமா, துணிதானே" என்று சிரித்தார். நானும் அதோடு போயிற்று என்று ஆறுதலடைந்தேன். புடவையைவிடப் பெரிய கேடு என் வாயால் நடந்திருந்தது, அது அப்போது தெரியவில்லை.

அடுத்த பயணத்தில் கப்பல் முழுக்க அக்காவின் சாப்பாட்டுக் கதை தெரிந்திருந்தது. கேப்டன் நல்லவர், என் பேச்சைக் கேட்டு நெகிழ்ந்துபோனவர். அவர் அக்காவுக்கென்று தனி மேஜை போடச் சொன்னார், தனிப் பாத்திரம் வாங்கி வைத்தார். சமையற்காரர் பயந்துபோய், உப்புப் போடுவதற்கும் ஆள் அனுப்பிக் கேட்டார். பையன்கள் "சாமியாரம்மா வராங்க, வெங்காயத்த ஒளிச்சி வைடா" என்று கேலி செய்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, கலகலப்பாகத்தான். கடியாரம் கத்தியதும் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தார்களாம். அக்கா அப்புறம் அலாரத்தை நிறுத்திவிட்டார். இரண்டு மூன்று நாள் நேரம் தவறி, வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறார்.

இதெல்லாம் மேலே போயிற்று. மேலே இருந்தவர்களுக்கும் நல்ல மனசுதான். பாவம், அவ்வளவு ஆசாரமான அம்மாவை எதற்குக் கடலில் சிரமப்படுத்துவது, பதவி உயர்வு கொடுத்துக் கரையில் உட்கார வைப்போம் என்று முடிவு செய்தார்கள். அந்த உத்தரவை அக்காவிடம் சிரித்த முகத்தோடு சொன்னவள் நான்தான். வாழ்த்துகள் அக்கா என்றேன். அக்கா என் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சிரமம்னு சொன்னனா? யார்கிட்டயாவது எதனா கேட்டனா? கடலுக்குப் போறதுக்குத்தான்மா நான் இந்த வேலைக்கே வந்தேன்."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. உத்தரவை மாற்ற அலைந்தேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. அவர் இடத்துக்கு ஓர் ஆண் போய்விட்டார். எங்கள் திட்டத்தைப் பாராட்டி வந்த கேடயம் மட்டும் வரவேற்பறையில் ஏறியது. பக்கத்தில் பட்டோடு நிற்கும் அக்காவின் படம். தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் அவர் தன் நாற்காலிக்குப் போக வேண்டும். சில மாதங்கள் போனார். பிறகு வேலையை விட்டுவிட்டார்.

போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனேன். கடலுக்குப் புதுக் கப்பல் வருகிறது, தலைமை சர்வேயராக உங்களைப் போட மேலிடத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டேன், வாருங்கள் என்று அழைக்கத்தான் போனேன். களத்தில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அக்கா முறத்தோடு எழுந்து வந்து, வா வா என்று கையைப் பிடித்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பாவுக்கு இப்ப கண்ணு தெரியல. உட்டுட்டு ஒரு மாசம் கடல்ல இருக்க முடியுமா சொல்லு. அப்ப அவர் நல்லா இருந்தார்மா. அப்ப போயிருக்கணும்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. எனக்கும் தட்டு வைத்தார்கள். அக்கா அலமாரியிலிருந்து கடியாரத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"எனக்கு இது எதுக்கு? வூட்ல எல்லாரும் இந்நேரத்துக்கே சாப்புடறோம். நீ வெச்சிக்கோ. ஒண்ணு மட்டும் கேக்கறேன், இனிமே எம் பேர எங்கயும் சொல்லாத. அந்தப் படத்தையும் எடுத்துடச் சொல்லு."

வாக்குக் கொடுத்தபடி படத்தை எடுக்க வைத்துவிட்டேன். கடியாரத்தில் அவர் நிறுத்தியிருந்த அலாரத்தை நானே மறுபடி ஐந்தரைக்குப் போட்டு வைத்தேன். புதுக் கப்பலில், வேண்டுகிறவர்கள் யாரானாலும் ஐந்தரைக்கே சாப்பிடலாம் என்று பொதுவாக ஒரு விதி கொண்டுவந்தேன். எதற்கென்று கேட்டவர்களிடம், ராத்திரி வேலைக்காரர்களுக்கு வசதி என்று சொல்லிவிட்டேன். விரதம், மதம், ஊர் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கப்பலில் இப்போது பெண்களும் இருக்கிறார்கள். அக்கா உட்கார வேண்டிய இடத்தில் ஐயம்பேட்டைப் பெண் ஒருத்தி இருக்கிறாள், கெட்டிக்காரி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தேன். சாயங்காலம் அவள் கப்பலிலிருந்து போன் செய்தாள். வாயில் சோற்றோடுதான் பேசினாள். பின்னால் தட்டுச் சத்தமும் சிரிப்புமாக ஒரே கும்பல்.

"மேடம், இங்க பாதிப் பேரு அஞ்சரைக்கே க்யூவுல நின்னுக்கினு இருக்காங்க. செம ஐடியா மேடம். யாரு கொண்டாந்தது இத்த?"

அக்காவின் பெயர் தொண்டை வரை வந்துவிட்டது. தெருவே அதிரச் சொல்ல வேண்டிய பெயர். சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறியவள். சொல்லாவிட்டால், பெயரைக் கூப்பிடாமல் சாமியை நகர்த்திக்கொண்டு போனவர்களில் ஒருத்தி. அலமாரியின் மேல் கடியாரம் கத்திக்கொண்டிருந்தது. கூடத்தில் தறிச் சத்தம் நின்றது.

"பசிக்கும் இல்ல, அதான்" என்றேன். "நீ சாப்டுமா, ஆறிடப் போவுது."